தீர்ப்பில் அவர்தான் முதலாளி

பார்சல் கம்பெனியின் பெயர் பொறித்த சட்டையைத்தான் அவர் பதினோரு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தத் தெருவுக்கு முதலில் போவது, எத்தனை மணிக்குள் முடிப்பது, ஷூ என்ன நிறம் என்பது வரை கம்பெனிதான் சொல்லும். ஆனால் ஒப்பந்தப்படி அவர் ஊழியர் இல்லை. தனித் தொழில் நடத்துபவர். வேன் அவருடையது, டீசல் அவருடையது. விடுப்பு என்ற பேச்சே கிடையாது. வர முடியாத நாளில் பதில் ஆளை அவரே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அவருடைய தெருக்கள் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஸ்கேனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். "நீங்களும் கூட வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவளுடைய தம்பி, தான் இருந்த அச்சகத்தை மூடிய பிறகு வேலையில்லாமல் அவர்களோடுதான் இருந்தான். வண்டி ஓட்டத் தெரியும்.

"ஒரு நாள்தானே மாமா. நான் போறேன், நீங்க அக்காவைப் பாருங்க" என்று சாவியை அவனாகவே எடுத்துக்கொண்டான். போக வேண்டிய வீடுகளைக் காட்டும் கம்பெனி மெஷினை அவர் அவன் கையில் கொடுத்தார். மாமாவின் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. "கோணிப்பைக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்குடா" என்று அக்கா சிரித்தாள்.

மதியம், ஸ்கேன் முடிந்து இருவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. லிஃப்ட் ஓடாத கட்டடம். நாலாவது மாடி வீட்டுக்கு உடற்பயிற்சி எடைகள் நிறைந்த பெட்டி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி, பெட்டியோடு பின்பக்கமாக விழுந்திருந்தான். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார். அக்காவுக்கு வந்தது பயப்படும்படியான கட்டி இல்லை என்பதும் அதே வாரம் தெரிந்தது. அதற்காகச் சந்தோஷப்பட அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

"அவர் எங்க ஆளே இல்லைங்க" என்று கம்பெனி கையை விரித்தது. மைத்துனன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டான். அவர் சாட்சி சொல்லப் போனார். கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அன்னைக்கு வண்டியைக் கொடுத்தது யாருங்க?"

"நான்தான்."

"வேலைக்கு அனுப்பினது?"

"நான்தான். ஆனா எந்த வீட்டுக்குப் போகணும்னு சொன்னது கம்பெனி மெஷினுங்க."

"அந்த மெஷினை அவர் கையில கொடுத்தது?"

அவர் மைத்துனன் பக்கம் திரும்பிப் பார்த்தார். வக்கீல் இன்னொரு தடவை கேட்டார்.

"நான்தாங்க."

"போதும், உட்காருங்க."

டிரைவர் தனித் தொழில் நடத்துபவர், அன்றைக்கு அந்தத் தொழிலில் வேலை பார்த்தவர் மைத்துனர், ஆகவே அவருக்கு வேலை கொடுத்தவர் டிரைவர்தான் என்று தீர்ப்பு வந்தது. வராந்தாவில் இவர்கள் தரப்பு வக்கீல் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அப்பீல் பண்ணலாம், வருஷக்கணக்கா இழுக்கும். இல்லேன்னா... உங்க மாமா மேலதான் கேஸ் போடணும்."

சக்கர நாற்காலியில் இருந்த மைத்துனன் சிரித்தான். "இவர் மேலயா? எங்க அக்காவைத் தவிர இவர்கிட்ட என்ன மேடம் இருக்கு?"

அக்கா சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. சக்கர நாற்காலிக்குத் தோதுப்படாது. மனைவிக்கு மூத்த இன்னொரு அக்காவின் தரைத்தள வீட்டுக்குத் தம்பியைக் கூட்டிப் போனார்கள். கவனித்துக்கொள்ள மனைவியும் கிளம்பினாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களை நான் குத்தம் சொல்லலைங்க. கூட வாங்கன்னு கூப்பிட்டதே நான்தானே. ஆனா உங்க முகத்தைப் பார்த்தா அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுதான் கண்ணு முன்னாடி வருது. என்னால முடியலை."

அவர் பையை வாங்கிக் கீழே கொண்டுபோய் வைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வேலையை விட முடியவில்லை. தம்பியின் மருந்துச் செலவு அதில்தான் ஓடியது. அந்தக் கட்டடத்துக்கும் பார்சல் வரும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவியைப் பார்க்கப் போவார்.

ஒரு ஞாயிறு, மைத்துனன் தாடையைத் தடவிக்கொண்டே, "முகம் முள்ளுக்காடா கெடக்கு மாமா, வழிச்சு விடுங்களேன்" என்றான். அவர் நுரை தடவி ரேசரை எடுத்தார். இரண்டு இழுப்பில் நிறுத்திவிட்டார்.

"பரவாயில்லை, இழுங்க" என்றான் அவன்.

"முடியலடா" என்று அவர் ரேசரைத் தாழ்த்தினார்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்து ரேசரை வாங்கி, தம்பியின் முகத்தை நிமிர்த்தி, மீதியை வழித்து முடித்தாள். அவர் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிளம்பும்போது வாசலில் கேட்டார். "வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

"இப்ப வேண்டாங்க" என்றாள் அவள்.