படத்துக்கு ஒரு முக்காடு

"காட்டறதுன்னா காட்டறேன். கையில குடுக்க மாட்டேன்."

"குடுக்காம எப்படி பாய் பாக்கறது? நான் என்ன அதைத் தின்னுடவா போறேன்?"

"தின்ன மாட்டீங்க. பொட்டியில வெச்சிப் பூட்டுவீங்க. சாயங்காலம் வந்து கேட்டா, சாவி மொதலாளிகிட்ட இருக்குது, மொதலாளி ஊருக்குப் பூட்டாருன்னுவீங்க. நாங்க ரயிலை உட்டுட்டு உங்க வாசல்ல குந்திக்கினு இருக்கணும்."

"எங்க மொதலாளிக்கு ஊரே இதுதான் பாய். பொட்டிக்குப் பூட்டே கெடையாது."

"அப்ப இன்னும் மோசம்."

விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே இருந்த சாப்பாட்டு ஓட்டலில், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று வாதாடிக்கொண்டிருந்தவன் முகம்மது கவுஸ். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஓட்டல் கணக்குப்பிள்ளை ராயப்பன். கவுஸுக்குப் பின்னால், வெள்ளைத் துப்பட்டியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் மனைவி நஃபீசா பீவி நின்றாள். இருவரும் காலையில் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். சாயங்கால ரயிலில் நாகப்பட்டினம். அங்கிருந்து கப்பலில் பினாங்கு. வெயில் தாழும்வரை மாடியில் ஓர் அறை வேண்டும். அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் போன வருஷம் ஐரோப்பாவில் சண்டை மூண்டதிலிருந்து, கப்பலுக்குப் போகிறவர்கள் வந்தால் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு இடம் கொடு என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவைத்திருக்கிறார்களாம்.

"செரி, என் கையிலேயே வெச்சிக் காட்டறேன். நீங்க எட்டிப் பாத்துக்குங்க" என்று கவுஸ் இறங்கி வந்தான். "நஃபீசா, அதை எடு."

நஃபீசாவின் கை இடுப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

பாஸ்போர்ட் அவள் இடுப்பில், துணிப்பைக்குள் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அதில் அவள் செய்துவைத்திருந்த காரியம் கவுஸுக்குத் தெரியாது. ரயில் ஏறி உட்கார்ந்தபிறகு, அவன் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். இப்படி ஒரு கணக்குப்பிள்ளை குறுக்கே வருவார் என்று யார் கண்டது!

கவுஸ் முன்பு ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தவன். அங்கே ஓட்டலில் தங்கிய கதையை எத்தனை தரம் சொன்னாலும் அவனுக்கு அலுக்காது. உள்ளே நுழைந்ததும் மேஜைக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொள்வானாம். அறையைக் காலி செய்யும்போதுதான் திருப்பித் தருவானாம். கூடத் தங்கியிருந்த கண்டமங்கலத்து மாசிலாமணி அப்படிக் கொடுத்துவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால், மேஜையில் வேறு ஆள். "எந்த பாஸ்போர்ட்? யாரிடம் கொடுத்தாய்?" என்றானாம் அவன். தான்தான் மாசிலாமணி என்று காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், கண்ணில் பட்ட தமிழர்களையெல்லாம் நிறுத்தி, "என்னைத் தெரியுமா, என்னைத் தெரியுமா" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாராம். கடைசியில் அது இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம்.

இன்னொன்றும் சொல்வான். வேலையில்லாத மத்தியானங்களில் ஓட்டல்காரர்கள் இழுப்பறையைத் திறந்து, பாஸ்போர்ட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி, யார் பெண்டாட்டி அழகு என்று பந்தயம் கட்டுவார்களாம். அவனே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறானாம். இதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரச் சிரிப்பான்.

சிரிப்பெல்லாம் நஃபீசாவின் படம் அவன் பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும்வரைதான்.

அவள் பிறந்த ஊர் திண்டிவனம். படமும் அங்கேதான் எடுத்தார்கள். "முக்காட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்கம்மா, காது தெரியணும்" என்றார் படக்காரர். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அவள் முகம் காட்டியது அன்றுதான். கவுஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். புது பாஸ்போர்ட் வந்தபோது ஒரே பக்கத்தில் இடப்புறம் அவன், வலப்புறம் அவள். கீழே மனைவி என்று எழுத்து. நஃபீசா அதை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றாள். கவுஸோ ஒரு தரம் பார்த்துவிட்டு மூடினான்.

பினாங்கில் அவன் வேலைக்குச் சேரப்போகும் கடையின் மாடியில் தங்கியிருப்பவர்கள் முழுக்க ஆண்பிள்ளைகள். வீடு அமையும்வரை இருவரும் ஓட்டலில்தான் தங்க வேண்டும். அது நினைவுக்கு வந்த நாளிலிருந்து அவன் இருப்புக்கொள்ளாமல் திரிந்தான். சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோவான். "இந்த தபா நான் மட்டும் போறேன். ஊடு பாத்துக்கினு அப்பறமா உன்னைக் கூப்புட்டுக்கறேன்" என்று இரண்டொரு முறை வாயெடுத்தான். அடுத்த வீட்டு அசன் பீவி இதே வார்த்தையைப் புதுப்பெண்ணாக இருந்தபோது கேட்டவள். இப்போது அவளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் வரவில்லை.

அதனால்தான் நஃபீசா அதைச் செய்தாள். தன் நிக்காஹ் ரவிக்கையின் மிச்சத்திலிருந்து பச்சைப் பட்டில் படத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். புளியங்கொட்டைப் பசையை மேல் விளிம்பில் மட்டும், நூல் போலத் தடவி, தன் படத்தின்மேல் திரை தொங்கவிட்டாள். கப்பலடியில் ஆபீசர் கேட்டால் தூக்கிக் காட்டலாம். மற்றவர்கள் கண்ணுக்குப் பட்டுதான் தெரியும். படத்துக்கு ஒரு முக்காடு. இனி இந்த மனுஷனுக்கு என்ன குறை?

"என்னா, முடிச்சி அவுறலையா?" என்றான் கவுஸ்.

அவிழ்த்தாள். கொடுத்தாள். பைத்துணி வியர்வையில் நனைந்திருந்தது.

கவுஸ் பாஸ்போர்ட்டை இரு கையாலும் பிடித்து, வலது கட்டைவிரலை அவள் படம் இருக்கும் இடத்தில் வைத்து மறைத்துக்கொண்டே பிரித்தான். ராயப்பன் எட்டிப் பார்த்தார்.

"இது நீங்க. தெரியுது. பக்கத்துல யாரு, உங்க கட்டைவெரலா? அதுக்கும் சேத்தா பாஸ்போர்ட்டு?"

விரலுக்கடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட, கவுஸ் விரலை எடுத்தான். பச்சைப் பட்டு.

அவன் முகத்தை நஃபீசா துப்பட்டி இடுக்கால் பார்த்தாள். ஒரு கணம் அந்த முகம் இளகியது. வாரக்கணக்காகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கிய மாதிரி உதடு விரிந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தானே அவ்வளவும்! 

அப்புறம் அவன் நகத்தால் பட்டின் கீழ் விளிம்பைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. பக்கவாட்டில் நெம்பினான். அசையவில்லை. பஸ் புழுக்கத்தில் வியர்வை உள்ளே இறங்கி, பசை இளகி, பரவி, பட்டு முழுவதும் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னாடி பண்ணி வெச்சிருக்கே?"

"மேல மட்டுந்தான் ஒட்னேன் மச்சான்... தொறந்து மூட்றாப்பலதான் வெச்சேன்..."

ராயப்பனுக்குக் கேலி போய்விட்டது. "இழுக்காதீங்க பாய், கிழிஞ்சிடும். ஆவி காட்டணும். நான் கடுதாசியிலேர்ந்து ஸ்டாம்பு எடுக்கறதெல்லாம் அப்படித்தான். மேல போங்க, அடுப்புலேர்ந்து வெந்நி எடுத்தாறேன்."

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டேயிருந்தது. அது ஊதும்போதெல்லாம் நஃபீசா எழுந்தாள், உட்கார்ந்தாள். ராயப்பன் ஆவி பறக்கும் சொம்பை வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் கீழே போனார். கவுஸ் பாஸ்போர்ட்டை ஆவிக்கு மேலே பிடித்தான். பட்டின் ஒரு மூலை நெகிழ்ந்தது.  அவன் மெல்ல, மெல்ல இழுத்தான்.

வந்தது. படத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்தது.

பட்டின் உள்பக்கத்தில் ஒரு கண்ணும் மூக்கும் மங்கலாக ஒட்டியிருந்தன. பாஸ்போர்ட்டில் காதும், கழுத்துச் சங்கிலியும், ஓரத்தில் சர்க்கார் முத்திரையும் மிச்சம். நடுவில் வெள்ளை.

கவுஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு உயிர் வந்திருக்கும். பாஸ்போர்ட்டைக் காற்றாடக் கட்டிலில் விரித்துவைத்துவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான்.

"இதைக் காட்னா கப்பலடி ஆபீசர் ரெண்டு பேரையும் எறக்கி உட்ருவான். சண்டை நேரம். எவளையோ இட்டுக்கினு வந்துட்டான்னுவான்" என்றான். கொஞ்சம் கழித்து, "என் படம் நல்லாத்தான் கீது" என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, அவள் பயந்த வார்த்தை வந்தது. "நீ திண்டிவனம் போ. உங்க அண்ணன் ஊட்ல இரு. அந்தப் பக்கம் போற மெட்ராஸ் வண்டியும் சாயங்காலந்தான். நான் போயி, பொண்ஜாதி ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிக்கறேன். வேற பாஸ்போர்ட்டு போட்டுக்கினு..."

"கூப்புட்டுக்கறீங்களா?"

அவன் நடையை நிறுத்தவில்லை. "கூப்புட்டுக்கறேன்."

வெயில் தாழ்ந்ததும் இறங்கினார்கள். ராயப்பன் மேஜையிலிருந்து எழுந்து நின்றார்.

"ஸ்டாம்புன்னா வந்துடும் பாய். படம்னு யோசிக்காம சொல்லிட்டேன்."

"உங்க மேல என்னா தப்பு?" என்றான் கவுஸ். யார்மேல் தப்பு என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை இப்போது அவனே சட்டைக்கு உள்பையில் வைத்திருந்தான்.

ரயிலடியில் மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவி வேர்க்கடலை விற்கிறவர்களும் மூட்டைக்காரர்களுமாக ஒரே நெரிசல். தெற்கே போகும் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். எதிர்ப் பக்கத்தில் மெட்ராஸ் வண்டிக்கும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். டிக்கெட் ஜன்னலில் கவுஸின் முறை வந்தது.

"எந்த ஊரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கவுஸ் வாய் திறந்தான். நாகப்பட்டினம் என்றும் வரவில்லை, திண்டிவனம் என்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தான்.

நஃபீசா துப்பட்டியை நெற்றிக்கு மேல் தள்ளியிருந்தாள். காது தெரிந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இழுத்து மூடவில்லை. முகமெல்லாம் வியர்வை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜல்தி சொல்லுய்யா, எந்த ஊரு?"

"நாகப்பட்டணத்துக்கு ரெண்டா எடுங்க மச்சான்" என்றாள் நஃபீசா. "ஆபீசர் கேட்டா, நான் இப்படியே அவன் எதிர்ல வந்து நிக்கறேன். காதையும் சங்கிலியையும் படத்தோட ஒத்துப் பாத்துக்கட்டும். பினாங்கு ஓட்டல்காரன் பாக்கட்டும், ஊரே பாக்கட்டும். உங்க கண்ணு எதிர்லதானே நிக்கப்போறேன்? திண்டிவனத்துக்கு எடுக்காதீங்க. நாகப்பட்டணம். ரெண்டா எடுங்க."