சார்ஜன் சரளா சாத்திய கதவு

சார்ஜன் சரளாவை ஈப்போவுக்கு வெளியே, தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போலிஸ் தொடர்பு அதிகாரியாகப் போட்டபோது அங்கே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போலிசுக்கு என்ன வேலை என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளோ முதல் வாரம் அவள் வருகிற பக்கம் தலையே காட்டவில்லை. சரளா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முதலாளி தோட்டத்தை விற்று, அங்கே புது வீடுகள் கட்டியபோது பெட்டி படுக்கையோடு வெளியேறிய குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா என்ற தைரியம் அவளுக்கு நிறையவே இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது மாதத்திலேயே பேர் வாங்கிவிட்டாள். பள்ளிக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் சுரேன் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்கு வேப் என்கிற மின்சிகரெட் விற்றுக்கொண்டிருந்தான். அவனும் இதே பள்ளியில் படித்து, பாதியில் நின்றவன்தான். ஒரு மத்தியானம் பை நிறைய சரக்கோடு அவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள் சரளா. தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு மைலோ கொடுத்தார். முணுமுணுத்தவர்கள் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சரளாவுக்குத் துப்புக் கொடுத்தது யார் என்பது அவளுக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும். அந்த இன்னொருத்தி சுரேனைப் பெற்றவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் புனிதா, வேலை முடிந்து வேலைச் சட்டையோடேயே பள்ளிக் காவல் கொட்டகைக்கு வந்து, சரளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு விக்கிறான், மேடம். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீங்களே புடிச்சிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய தெரிய வேணாம்."

"தெரியாதுக்கா. என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றாள் சரளா.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கெடுத்தது சரளாவேதான்.

சுரேன் பிடிபட்ட மறுநாளிலிருந்து ஐந்தாம் படிவத்து கிறிஸ்டின் பள்ளிக்கு வரவில்லை. மாணவர் தலைவி அவள், படிப்பில் கெட்டிக்காரி, எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. வராத பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதும் தன் வேலைதான் என்று சரளா போலிஸ் காடியை ஓட்டிக்கொண்டு, சீருடையிலேயே அவள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனாள். அங்கே எல்லாரும் பழைய தோட்டத்து ஆட்கள். சுரேனின் வீடும் அதே கட்டடத்தில், மேல் மாடியில் இருந்தது. கிறிஸ்டினுக்கு வெறும் காய்ச்சல். அம்மா கத்தரின் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளையிடம் தனியாகப் பேசலாமே என்று நினைத்து, சரளா கதவைச் சாத்திவிட்டாள்.

அந்தக் கட்டடத்தில் பகலில் எவரும் கதவைச் சாத்துவதில்லை. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் இருந்த பழக்கம் மாடி ஏறியும் போகவில்லை. சாவு, சண்டை, பெண் பார்ப்பது எல்லாமே திறந்த கதவுக்குப் பின்னால்தான் நடக்கும். பகலில் சாத்திய கதவுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்: உள்ளே ரகசியம் நடக்கிறது. அதுவும் போலிசோடு ரகசியம். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க முடிவாகிவிட்டது, சுரேனைப் போட்டுக் கொடுத்தது கிறிஸ்டின்தான் என்று.

மறுநாள் காலையில் வாசலில் கழற்றி வைத்திருந்த கிறிஸ்டினின் பள்ளிச் சப்பாத்தை யாரோ கத்தியால் கிழித்துப் போட்டிருந்தார்கள்.

தொழிற்சாலை பஸ் ஓட்டும் அவள் அப்பா ஆம்புரோஸ் அந்தச் சப்பாத்தை நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். பையைச் சரளாவின் முன்னால் வைத்தார்.

"நல்லா இருக்கும்மா ஒன் வேல. சுரேன் ஜாமின்ல வெளிய வந்துட்டான். அவன் கூட்டாளிங்க என் வீட்டுக்குக் கீழேயே மோட்டார போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க. திங்கக்கெழம மவள பாரிட் புந்தார்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்புறேன்."

"அண்ணே, பரிச்சைக்கு இங்கதான பதிஞ்சிருக்கு? இப்பப் போனா எஸ்.பி.எம். எழுத முடியாதுண்ணே."

"எழுதாட்டி போவுது. உசிரோட இருக்கணும்லா."

அவர் போன பிறகு சரளா காவல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. தோட்டத்தில் பிறந்தவள் என்று மார்தட்டிக்கொண்டவள், தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒன்றை மறந்துவிட்டாளே. சொன்னது கிறிஸ்டின் இல்லை என்று சொன்னால், பிறகு யார் என்று கேட்பார்கள். புனிதாவின் பேரைச் சொல்ல அவளால் முடியாது. சொல்லாமல் இருந்தால் ஒரு பிள்ளையின் படிப்பு மண்ணாகப் போகும்.

பாலாயில், அதாவது போலிஸ் நிலையத்தில், இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாதே, தானாக அடங்கிவிடும் என்றார் அவர். சரளா தன் யோசனையைச் சொன்னதும் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பள்ளிக்கு அனுப்பியது தப்பு. அங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, காடிச் சாவியை மேசைமேல் தள்ளினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, சரளா மொடமொடவென்று சீருடையில் வந்து இறங்கினாள். காடியைக் கட்டடத்துக்கு முன்னால் நட்டநடுவில் நிறுத்தினாள். கீழ்த்தளத்து முதல் வீட்டுக்குள் நுழைந்து, ஊர் பார்க்கக் கதவைச் சாத்தினாள். உள்ளே வேப் எப்படி இருக்கும், பேனா மாதிரி எப்படி ஏமாற்றும் என்று காட்டினாள். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரித்தாள். அவர்கள் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். வெளியே வந்தாள். அடுத்த வீட்டுக்குள் போய் அந்தக் கதவையும் சாத்தினாள்.

மூன்றாவது வீட்டில் ஐயாவு என்கிற பெரியவர் தனியாக இருந்தார். "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் கதவைச் சாத்தியதும் திகைத்துப் போனார்.

"நான் ஒண்டிக்கட்ட. எனக்குப் பிள்ளயும் இல்ல, குட்டியும் இல்ல. என் வீட்டுக் கதவ எதுக்கும்மா சாத்துற?"

"ஒங்க வீட்ட மட்டும் விட்டா நாளைக்கு ஒங்களப் பத்திப் பேசுவாங்கண்ணே."

ஐயாவு சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "புரிஞ்சு போச்சு. நல்லா இறுக்கிச் சாத்து."

அதற்குமேல் சரளாவுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஐயாவு மாடிப்படியில் நின்றுகொண்டு, இன்னும் கதவு சாத்தாத வீட்டுக்காரர்களையெல்லாம் கிண்டல் பண்ணினார். இரண்டாம் மாடியில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க வீடு என்னா, போலிஸ் வராத அளவுக்கு மட்டமா?" என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் சரளாவின் வயிற்றில் தேத்தண்ணியும் மைலோவும் குலுங்கிக்கொண்டிருந்தன. கட்டடத்தில் இப்போது போலிசோடு ரகசியம் பேசாத வீடே இல்லை. கத்தரின்கூட வாசலில் வந்து நின்று லேசாகச் சிரித்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே சரளா நினைத்தாள்.

மேல் மாடியில் கடைசி வீடான புனிதாவின் வீடு மட்டும் பாக்கி. அந்த வீட்டுக்கு முன்னால் சுவரில் சாய்ந்துகொண்டு சுரேன் நின்றிருந்தான்.

"சும்மா படம் காட்டாதீங்க, மேடம்" என்றான், கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "எத்தன கதவ சாத்தினாலும் எங்களுக்குத் தெரியும்லா. சொன்னது அந்தக் கிறிஸ்டின்தான். இல்லன்னு சொல்லுங்க பாப்போம். அவ இல்லன்னா யாரு?"

சிரிப்பு நின்றது. எல்லா மாடியிலிருந்தும் தலைகள் மேலே நிமிர்ந்தன. கிறிஸ்டின் அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். சரளா வாயைத் திறந்தாள். புனிதாவுக்குச் செய்த சத்தியம் அவளைத் தடுத்தது. அவ்வளவு பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்து போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது புனிதா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. மகனைத் தாண்டி நடந்து வந்து, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துப் பேசினாள்.

"நான்தான் சொன்னேன்."

யாருக்கும் புரியவில்லை. அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.

"சுரேன போலிஸ்ல சொன்னது நான்தான். நானே இஸ்கூலுக்குப் போயி, இந்த மேடம் கையப் புடிச்சி, புடிச்சிருங்கன்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. சப்பாத்தக் கிழிச்சவன் யாரா இருந்தாலும் என் வீட்டுக்கு வந்து என் சப்பாத்தக் கிழிக்கட்டும்."

கத்தரின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆம்புரோஸ் மேலே ஏறி வர இரண்டு படி எடுத்து வைத்து, நின்றுவிட்டார். பிறகு மகளைப் பார்த்து, "திங்கக்கெழம பள்ளிக்கூடம் போ. நான் பஸ்ஸுல கொண்டுபோய் விடுறேன்" என்றார். கீழே மோட்டாரில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புனிதா அவர்களில் பாதிப் பேருக்குச் சோறு போட்டவள். ஒருவன் மோட்டாரைக் கிளப்பினான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

சரளா புனிதாவைப் பார்த்தாள். நாள் முழுக்கத் தான் போட்ட திட்டத்தைவிட இந்த அம்மாளின் ஒரு வார்த்தை பெரியது என்று தெரிந்தது. கண் கலங்கியதை மறைக்க அவள் முயலவில்லை.

சுரேனின் வீராப்பெல்லாம் போயிருந்தது. சின்னப் பையன் மாதிரி நின்றான்.

"ஏம்மா?" என்றான். "நீயேவா?"

"நான் பெத்தவ. நான் சொல்லாம வேற யாருடா சொல்லுவா?" என்றாள் புனிதா. அவள் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "இன்னொரு வாட்டி வித்தீன்னா, இன்னொரு வாட்டியும் சொல்லுவேன். சோறு ஆறுது, உள்ள வந்து சாப்புடு."