நாலாம் நம்பர் பலகை

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி மைதானத்தில் கோல் விழுந்தால் எண் பலகையை மாட்டுவது என் பொறுப்பாக இருந்தது. வார நாட்களில் பாலர் பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை ஏணிக்காரி. இரண்டு ஆணிகள், இடது எங்களுக்கு, வலது வந்தவர்களுக்கு. இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

ஒரு மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் எங்கள் நாட்டு அணிப் பையன்கள் ரஷ்யர்களை நாலுக்கு மூன்று என்று அடித்தார்கள். அதற்கு முந்தின ஆகஸ்டில் டாங்குகளோடு வந்து எங்கள் நாட்டில் குந்திக்கொண்டவர்கள் அவர்கள். டாங்குக்குப் பதில் சொல்ல எங்களிடம் இருந்தது ஹாக்கி மட்டை ஒன்றுதான். அன்று ஊரே தெருவில் இறங்கிக் கூத்தாடியது. மறுநாள் சுவர், பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடைக் கதவு என்று எங்கும் சாக்கட்டியில் 4:3. அழிக்க அழிக்க முளைத்தது.

மைதானத் தலைவர் ஹவ்லீன் கட்சியின் நகரக் குழுவிலும் இருந்தார். காற்றடிக்கும் பக்கம் சாய்கிற மனிதர். அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன் ஏணியடிக்கு வந்தார்.

“ப்லாங்கா, சின்ன விஷயம்தான். நாலுக்கு மூணுன்னு வந்துச்சுன்னா, அடுத்த கோல் விழற வரைக்கும் பலகையத் தொடாத.”

“விழலைன்னா?”

“விழும்மா. ஹாக்கிதான.”

“ஆட வந்திருக்கறது பக்கத்து ஊர்க்காரங்க தோழரே. மாஸ்கோவா வந்திருக்கு?”

“பள்ளிக்கூட வேலை உனக்கு வேணுமா, வேண்டாமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்த வேலை எனக்கு உயிர் என்று அவருக்குத் தெரியும். அவருடைய பேத்தியே என் வகுப்பில்தான் இருந்தாள்.

வந்த அணி பட்டியலின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு புள்ளியும் அவர்களுக்கு உயிர்மூச்சு. கிடைக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். அவர்களின் கேப்டன் குபெல்கா, முன்பல் இரண்டு இல்லாத முரட்டு ஆள், அதற்கேற்ற வெறியோடு ஆடினான். கடைசிப் பகுதியில் மூன்றுக்கு மூன்று. அப்போது என் தம்பி ரோஸ்தா ரப்பர் வட்டை மட்டையால் அடித்து வலைக்குள் அனுப்பினான்.

அனுப்பிவிட்டு அவன் கோலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஊரே என்னைப் பார்த்தது. ரம் கலந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் குடிக்கவில்லை.

பயம் இல்லை என்றால் பொய். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றுக்கு அடுத்தது நாலு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதைச் சொல்ல ஹவ்லீனிடம் அனுமதி வாங்க வேண்டுமா? மூன்றைக் கழற்றினேன், நாலை மாட்டினேன்.

கூரை போட்ட மைதானமாக இருந்திருந்தால் அன்றே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அத்தனை சத்தம். ஹவ்லீன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“எறக்கு அத.”

“ஏணி இங்கயேதான் இருக்கு. நீங்களே ஏறி எறக்கிக்குங்க.”

ஏணியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஏறவில்லை. நேரே எதிரணி பெஞ்சுக்கு ஓடினார். எங்கள் தலைவர், எதிரணியிடம் போய்க் கெஞ்சுகிறார்: “சீக்கிரம் ஒரு கோல் போடுங்கய்யா. சமமானா உங்களுக்கும் ஒரு புள்ளி ஆச்சு.”

கடைசி நிமிடத்தில் அவர் வேண்டியது பலிக்கப் பார்த்தது. எங்கள் கோல்கீப்பர் தேவையில்லாமல் முன்னே வந்து வழுக்கி விழுந்தான். வலை காலி. வட்டு குபெல்காவின் மட்டையில். என் வகுப்புக் குழந்தைகூட அதைக் கோலாக்கியிருக்கும்.

குபெல்கா நின்றான். தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தான். பிறகு வட்டை மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். ஆட்டம் முடிந்த மணி அடித்தது.

“என்னய்யா, கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று ஹவ்லீன் கத்தினார்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது தோழரே. அதான் பலகையப் பாத்தேன்.”

அந்த ஒரு புள்ளி குறைந்துதான் அவர்கள் அந்த வருடம் கீழ்ப்பிரிவுக்குப் போனார்கள். அன்று எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களைப் பேருந்தில் ஏற விடவில்லை. பீர்க்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை என் வேலை போயிற்று. சலவைக்கூடத்தில் போட்டார்கள். ஈரத் துணியைப் பிழியும்போதெல்லாம் குழந்தைகளை நினைத்து அழுதேன். நாலை மாட்டியதற்காக ஒருநாளும் வருந்தவில்லை. நாலாம் நம்பர் பலகையை ஹவ்லீன் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். எங்கள் அணி நாலாவது கோல் போட்டது. எனக்குப் பதிலாக ஏணியில் நின்றவன் மூன்றைக் கழற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்தான். மாட்ட ஒன்றும் இல்லை. வெறும் ஆணி.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும். ஆணியைப் பார்த்து ஊரே எழுந்து நின்று தட்டியது. நடுவரின் விசில் யார் காதிலும் விழவில்லை. ஆட்டக்காரர்களும் மட்டையால் ஐஸைத் தட்டினார்கள். நிறுத்துவதாக யாருக்கும் எண்ணமில்லை.

கடைசியில் ஹவ்லீனே வந்தார், கோட்டுக்குள் பலகையை ஒளித்துக்கொண்டு. ஏணிக்காரன் இறங்கி எங்கோ நழுவிவிட்டான். அவர் முதல் படியில் கால் வைத்ததும் ஏணி ஆடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏணியைப் பிடித்தேன்.

“பயப்படாம ஏறுங்க தோழரே. நான் புடிச்சுக்கறேன்.”