குதிகாலுக்குப் பார்த்த பட்டி

ஒரு கடிதத்தைக்கூட இருமுறை திருத்தாமல் அனுப்பியறியாத நான் கதை எழுதத் துணிந்தமைக்கு, வாசிப்போர் முதலில் பொறுத்தருள வேண்டும். கைதேர்ந்தவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வந்துவிட்டேன். குறை இருப்பின் அது என்னுடையது. இதில் வரும் பெயிண்டருடையது அன்று.

அந்தப் பெயிண்டர் சுவருக்குப் பட்டி பார்ப்பதில் கெட்டிக்காரர். வெள்ளை மாவைக் குழைத்து, பள்ளம் மேடு தெரியாமல் இழுத்துவிட்டு, விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசையைக் கொண்டே இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஏணி சறுக்கி, நேராகக் குதிகால் ஊன்றி விழுந்தார். வலது குதிகால் எலும்பு நொறுங்கி அமுங்கிப் போயிற்று.

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். அமுங்கிய எலும்பை நிமிர்த்தியதும் உள்ளே ஒரு பொந்து விழுந்ததாம். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அடைத்தால் அங்கேயும் ஒரு புண்ணாகும் என்பதால், எலும்புக்கு மாற்றான பசையொன்றைக் குழைத்து அடைத்து, தகடும் திருகும் பொருத்தினார்களாம்.

"உங்க பாஷையில சொன்னா, குதிகாலுக்குப் பட்டி பார்த்திருக்கோம்" என்று சிரித்தார் மருத்துவர்.

"எப்போ இறுகும் சார்?"

"அது அப்பவே இறுகிடுச்சு. ஆனா நான் சொல்ற வரைக்கும் கால் தரையில படக் கூடாது. ஒழுங்கா ஆறினாத்தான் மறுபடி ஏணி ஏறலாம். வீட்ல துணைக்கு ஆள் இருக்கா?"

"அக்கா இருக்காங்க சார்."

அக்கா இருந்தாள், உண்மைதான். தையல் பிரிக்கும் வரை இருந்தாள். பிறகு அவள் வீடு அவளை அழைத்தது.

"நான் போனா ஒரு டம்ளர் தண்ணி யாருடா எடுத்துக் குடுப்பா? பேசாம என்கூட வந்துடு."

"உன் வீட்ல நிக்கவே இடமில்ல, நான் எங்க காலை நீட்டுறது? போக்கா, நான் என்ன குழந்தையா?"

"குழந்தையா இருந்தா இடுப்புல தூக்கிட்டே போயிருப்பேனே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மேல்மாடியில் அவருக்கு ஒற்றை அறை. "வந்து பார்க்கறேண்ணே" என்று தொலைபேசியில் சொன்ன, அவரோடு சேர்ந்து பெயிண்ட் வேலை பார்க்கும் கூட்டாளிக்கு வேலை ஓயவில்லை போலும். படிக்கட்டில் காலடி கேட்டால் பெயிண்டர் தலையைத் தூக்குவார். அது கீழ்த்தளத்திலேயே நின்றுவிடும். எதிர்ச்சுவரில் யாரோ அரைகுறையாகத் தேய்த்துவிட்டுப் போன இடமெல்லாம் அவருக்கு மனப்பாடமாயிற்று.

ஒரு முற்பகலில் காலடி மேலேறி வந்தது. கதவு தட்டப்பட்டது.

"வர்றேன், வர்றேன்! போயிடாதே!"

ஊன்றுகோலைக் கக்கத்தில் பொருத்துவதற்குள் கூட்டாளி இறங்கிவிட்டால்? உள்ளே வைத்தது இறுகித்தானே இருக்கிறது. இறுகிய பட்டி இளகி அவர் கண்டதில்லை. இரண்டு காலையும் ஊன்றி நடந்துபோய்க் கதவைத் திறந்தார்.

தோளில் கேஸ் சிலிண்டரோடு ஒருவர் நின்றார்.

"சிலிண்டர் கேட்டது இங்கதானே?"

"இல்லையே."

"அடடா, அப்போ அடுத்த வீடு. மாத்தித் தட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"அதனால என்ன? உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்."

"நேரமில்லைங்க."

கதவைச் சாத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். வலி பெரிதாக இல்லை. அன்றுமுதல் ஊன்றுகோல்கள் மூலைக்குப் போயின. நடந்துபோய்த் தேநீர் போட்டார். சன்னலருகே நின்று தெருவைப் பார்த்தார். கூட்டாளி வந்தால் எழுந்து நின்றே வரவேற்கலாம் என்று ஒத்திகையும் பார்த்தார். குதிகால் வீங்கியபோது, பழக்கம் விட்டுப்போன கால் அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த படத்தைக் கண்டதும் மருத்துவரின் முகம் மாறியது. குதிகாலின் மூட்டுப் பரப்பு மறுபடி அமுங்கி, திருகு ஒன்று மூட்டுக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்தது.

"யாரு உங்களை நடக்கச் சொன்னது?"

"இறுகிடுச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பட்டி காய்ஞ்சுட்டா..."

"சுவர்ல பார்த்த பட்டி மேல யாரும் ஏறி நிக்கறதில்லைங்க. இது பொந்தை அடைக்கத்தான். சுத்தி உங்க எலும்பு கூடற வரைக்கும் உங்க முழு பாரத்தையும் தாங்காது." மருத்துவர் பெருமூச்சு விட்டார். "நானும் விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, கூட இருந்த அக்காவாவது தடுத்திருக்கலாமே?"

பெயிண்டர் படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்னர் இன்னோர் அறுவையில் அந்த மூட்டை அசையாதபடி இணைத்தார்கள். வலி அடங்கியது; குதிகால் மட்டும் அகன்றே நின்றுவிட்டது. கூட்டாளி ஏணிக்கு வேறோர் ஆளைச் சேர்த்துக்கொண்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை.

போனவை இவை: பாதம் பக்கவாட்டில் சாயும் அசைவு. மேடுபள்ளம் பாராமல் நடக்கும் நடை. இரு காலுக்கும் ஒரே அளவுச் செருப்பு. ஏணி வேலை. கூட்டாளி.