கேட்டு அசையும் தகரம்

தகரத்தாலும் பித்தளைக் குழாய்களாலும் அந்தச் சிற்பத்தைக் கட்டி முடிக்க லோகேஸ்வரிக்கு ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கண்டி வாவியைப் பார்த்திருக்கும் பழைய மண்டபமொன்றின் உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டிருந்தாள். நடுவில் ஒலிவாங்கிகள், ஒவ்வொரு தகரத்துக்குப் பின்னாலும் ஒரு சிறு மோட்டார். யாராவது கை தட்டினால் தகரங்கள் ஆடும், உரசும். அந்தச் சத்தத்தையும் ஒலிவாங்கி கேட்டு மறுபடி ஆட்டும். இப்படித் தன்னைத் தானே கேட்டுக் கேட்டு உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல அடங்கும். அடங்கும் வழியை அமைத்துக் கொடுத்தவள் கைரியா, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் லோகாவுடன் படிப்பிப்பவள். இருமல், பாட்டு, குழந்தையின் அழுகை என்று இருவரும் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அடங்கியது.

திறப்பு விழாவுக்கு அப்பாவை அழைத்தபோது அவர் சிரித்தார். "நீ சத்தத்த வச்சு என்னமோ செஞ்சிருக்க. செவிடன் நான் வந்து என்னத்தப் பாக்குறது?"

வீரையா ஹுன்னஸ்கிரிய பக்கத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையான ஸ்டோரில், கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் இரைச்சலில் நின்று நின்றே காதைப் பறிகொடுத்தவர். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. மகளைப் பார்க்க வரும்போது மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்வார்.

அன்று மாலையும் மாட்டிக்கொண்டு, வெளுத்த சட்டையோடு வந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்கள் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள், சிரித்தார்கள்; தகரங்கள் பதில் சொல்லி அடங்கின. வீரையா ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாக அதனடியில் போய் நின்றார். நன்றாகக் கேட்கட்டும் என்று காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

மெஷின் 'கீ' என்று கூவியது. காதடியில் கை வந்தால் கூவுவது அதன் குணம். அந்த மெல்லிய கூவல் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது, வீரையாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

தகரங்கள் நடுங்கின. குழாய்கள் அதே சுருதியைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க, காது மெஷின் இன்னும் ஓங்கிக் கூவியது. கூட்டம் முகத்தைச் சுளித்தது. "யார்ட ஃபோன்? ஓஃப் பண்ணுங்க!" என்றார் ஒருவர். அவர் குரலையும் தகரம் வாங்கிக்கொண்டது.

வீரையாவின் முகம் மலர்ந்தது. பலகைத் தளத்தின் அதிர்வு அவர் காலில் ஏறியிருக்க வேண்டும். தலைக்கு மேல் அத்தனையும் தனக்காகவே ஆடுவதைக் கண்டு மகளைத் தேடினார். கண்டதும், பார்த்தியா என்பது போலத் தலையசைத்தார்.

லோகா ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். "அப்பா, கையை எடுங்க! காதுல இருக்கிறத கழட்டுங்க!"

அவளுடைய கத்தலில் தகரங்கள் இன்னும் வெறிகொண்டன. அவருக்குக் கேட்காமல் போகவே அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவரோ, நன்றாகக் கேள் என்கிறாள் என்று எண்ணி, கையை இன்னும் இறுக்கிக் குவித்தார்.

"கைரியா, நிப்பாட்டு!"

"அடங்குதில்ல லோகா! நான் வச்ச அளவையெல்லாம் தாண்டிட்டு. எல்லாரையும் வாய மூடச் சொல்லு!"

வாயை மூடச் சொல்லவும் கத்தத்தான் வேண்டியிருந்தது. குழந்தைகள் அழுதன. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நெரிந்தார்கள். அப்போதுதான் வீரையா சுற்றிலும் பார்த்தார். எல்லோர் கையும் காதில். எல்லோர் கண்ணும் அவர் மேல். சிரிப்பு அவர் முகத்திலேயே செத்தது. ஓடுகிற மெஷினை நிறுத்தப் போகிறவர் போல இரண்டு கையாலும் ஒரு தகரத்தைப் பிடித்தார். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது.

கைரியா மின்கம்பியைப் பிடுங்கியதும் எல்லாம் நின்றது. அமைதியில் காது மெஷின் மட்டும் ஒரு கணம் கீச்சிட்டது. வீரையா அதைக் கழற்றி, இரத்தம் பட்ட கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் ஒடச்சுட்டேன்," என்றார். "மன்னிச்சுக்க தாயி. எனக்கு தெரியல."

"இல்லப்பா. நீங்க ஒடைக்கல."

அவர் அவள் உதடுகளைப் பார்த்துத் தலையாட்டினார். என்ன விளங்கியதோ. காயத்துக்குக் கட்டுப்போட்டதும் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கைரியா புதிய அளவுகள் வைத்துச் சரிசெய்தாள். கண்காட்சி நடந்தது. வருகிறவர்கள், அன்றைக்குக் கூவியது போல இன்னொரு முறை கூவ வைக்க முடியுமா என்று கேட்டார்கள். லோகா உள்ளே போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹுன்னஸ்கிரியவுக்குப் போனாள். அப்பாவின் காது வெறுமையாக இருந்தது. மெஷினை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கைக்காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"அது ஒங்க தப்பில்லப்பா," என்றாள்.

"ஆமா, ஆமா. இங்கயும் மழதான்," என்றார்.

"தப்பு எங்களோடதுப்பா. காது மெஷின் கூவும்னு நாங்க யோசிக்கவே இல்ல."

"சரி, சரி. குடி, ஆறுது."

அவள் உரக்கச் சொன்னாள். இன்னும் உரக்கச் சொன்னாள். சண்டையோ என்று பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். வீரையா கோப்பைக்கு மேலாக மகளுடைய வாயையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார், தான் மறுபடியும் என்ன செய்துவிட்டோம் என்பது போல.

லோகா வாயை மூடிக்கொண்டாள்.