போப்பா மலையில் உடைந்த தேங்காய்

சத்யபாமாவுக்கு மலையேறிப் பழக்கமா என்ன? யாங்கோனில், லான்மடாவ் பேட்டை வீட்டின் நாலு மாடிப் படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்டவள், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ப் போப்பா மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். எல்லாம் பெற்ற வயிறு படுத்துகிற பாடு. ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஒரே மகன் கணேஷ்குமார் தாய்லாந்து எல்லைக்குக் கிளம்பி ஐந்து நாள் ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. பிள்ளை பத்திரமாக எல்லை தாண்டினால் போதும் என்று வேண்டிக்கொண்டு, மலைமேல் இருக்கும், பர்மியர் கும்பிடும் நாத் சாமிக்கு ஒரு தேங்காயைச் சுமந்து வந்தாள்.

கூட வந்தவர்கள் தெருக்காரப் பெண்கள், அத்தனை பேரும் பர்மியர். சிரித்துப் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். போப்பா ஒரு எரிமலை; அது அவிந்து எத்தனையோ காலம் ஆயிற்றாம், யார் சொன்னது? பாதையில் கிடந்த கருங்கற்கள் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியவை போலச் சுட்டன. எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். காய்ந்த மரங்களும் புழுதியும்தான். பேச ஒரு ஆள் இல்லை. "கணேசு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள், அழுகைதான் வந்தது.

உச்சியில் தகரக் கூரை போட்ட சன்னிதி. கண்ணை மூடிக் கும்பிட்டாள். கை தன் பாட்டுக்குத் தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்தது. சரிபாதியாகப் பிளந்தது. பிள்ளையாராக இருந்தால் பூரித்துப்போயிருப்பார்!

"ஐயையோ சத்யா, என்ன காரியம் பண்ணிட்டே!" பக்கத்து வீட்டு டோ கின் தெய்ன் பர்மிய மொழியில் அலறினாள். "நெருப்புல வெந்து செத்த சாமி இது. அவர் சூடு தணியத்தானே தேங்காய்? காம்போட முழுசா வைக்கணும், உடைக்கவே கூடாது!"

தெரியாதா அவளுக்கு? எத்தனை பர்மியர் வீட்டில் முழுத் தேங்காய் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள்! பாழாய்ப்போன கைக்குத்தான் கோயில் பழக்கம் விடவில்லை.

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளிப் போய் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு மூடிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்தாள். 'என் பிள்ளையை நானே கவிழ்த்துட்டேனே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நான்தான். நேத்துக் காலையிலேயே எல்லை ஆத்தைத் தாண்டிட்டேன். நல்லா இருக்கேன்."

அவள் சிரித்தாள், அழுதாள், சாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் கேட்டாள். "எப்படா வருவே?"

"வர முடியாதும்மா. வந்தா பிடிச்சுடுவாங்க. நீ காத்துக்கிட்டு இருக்காதே."

தேங்காய் மேல் பழி போடக்கூட வழியில்லை. அவள் அதை உடைப்பதற்கு முன்பே, நேற்றே, அவன் போய்விட்டிருந்தான்.