மூன்று குப்பி மருந்து

பெனினின் மூச்சுக்கு விலை எண்பத்து நான்கு ரூபாய். ஞானசெல்வி அதை இருபத்தெட்டில் முடித்தாள்.

முட்டத்திலிருந்து ஓலைக் கடவத்தில், தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து கருங்கல் சந்தையில் விற்பவள் அவள். நூறு சொன்னால்தான் நாற்பதாவது கைக்கு வரும். ஊரில் வாய் திறக்கிற எவரும் அப்படித்தான் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது அவள் எண்ணம். 2009 சித்திரையில் மூன்று வயது மகன் பெனினுக்குச் சளிக்காய்ச்சல் கண்டபோது டாக்டர், "அஞ்சு நாள், மூணு குப்பி" என்றார். அதுவும் முதல் விலைதான் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும் அண்ணே," என்றாள் மருந்துக் கடை ராஜையனிடம்.

"அது ரெண்டு நாளைக்குத்தான் காணும், தங்கச்சி. மூணுல்லா எழுதியிருக்காரு?"

"அவரு எழுதுவாரு. நான் ஒரு சூரை மீனுக்கு இருநூறு சொன்னா, நீரு எண்ணித் தந்துட்டுதான் போவீரா?"

ராஜையன் சிரித்தபடி இருபத்தெட்டு ரூபாய்க் குப்பி ஒன்றைப் பொதிந்தார். மூன்றாம் நாள் பையன் மணலில் ஓடினான். சாகாமல் மிஞ்சிய கிருமி அவன் மூக்கிலேயே குடியிருந்தது; அது அவளுக்குத் தெரியாது.

ஆடியில் மறுபடி காய்ச்சல். மறுபடி மூன்று எழுதினார்கள், ஒன்றுதான் வாங்கினாள். இந்தத் தடவை சூடு இறங்க ஒரு வாரம் பிடித்தது.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. ராஜையன் சொல்லுமுன் மூன்று குப்பிக்கும் முழுப் பணத்தை மேசையில் வைத்தாள். ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. மூன்றும் தீர்ந்தன. மூச்சிழுக்கும்போதெல்லாம் பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைத் தாளில் டாக்டரம்மாவின் பேனா ஒவ்வொரு மருந்தாக இறங்கியது.

"இது கேக்காது. இதும் கேக்காது. முன்னால பாதியில நிறுத்துனீங்களா?"

"காய்ச்சல் விட்டுட்டுல்லா, டாக்டரே…"

"காய்ச்சல் விட்டுது. கிருமி விடல. பாதி மருந்துல தப்பினது பெருகிட்டு; இப்ப முழுசா குடுத்தாலும் அதுக்கு ஏறல." பேனா கடைசி வரியில் நின்றது. "இது ஒண்ணு கேக்கலாம். பத்து நாள் ஊசி."

"இருபது நாளுன்னாலும் போடுங்க."

"இருபது வேண்டாம்மா. பத்து."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள்: நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு. கட்டிலருகே ஞானசெல்வியும் விரல் மடக்கினாள். சித்திரையில் குறைத்தது இரண்டு குப்பி, ஆடியில் இரண்டு. பாக்கி நான்கு.